மதகு யார் கையில்?

துடுப்புப் பிடித்துப் பழக்கமில்லாத நான்கு பேர் ஓர் ஆற்றில் படகு விட ஆசைப்பட்டால் முதலில் எழும் கேள்வி, "கவிழுமா?" என்பதுதான். கவிழும். கனூவானாலும் கயாக்கானாலும் புதியவர்கள் ஏறினால் ஒருமுறையாவது கவிழாமல் விடாது. இடுப்பளவுத் தண்ணீரில் கவிழ்ந்தால் சிரித்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். அதே படகு, அதே ஆட்கள், அதே ஆறு. தண்ணீர் மட்டும் ஓர் அடி கூடியிருந்தால் கதையே வேறு. அந்த ஓர் அடி எங்கிருந்து வருகிறது, யார் திறந்துவிடுகிறார்கள், எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் படகில் ஏறுகிறவர்கள் மிகக் குறைவு.

இந்தியாவின் பெரிய நதிகளில் பெரும்பாலானவை இன்று எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்கப்படுபவை. மலையில் ஒரு துளி மழை இல்லாவிட்டாலும், நகரத்தில் மாலை நேரத்தில் விளக்குகளும் மின்விசிறிகளும் ஓடத் தொடங்கினால் ஆறு உயரும். நீர்மின் நிலையம் தன் விசைப்பொறியைச் சுழற்றுவது மின்சாரத் தேவையைப் பார்த்துத்தான். கீழே யார் படகோட்டுகிறார்கள் என்பதைப் பார்த்து அல்ல.

2014 ஜூன் 8. இமாசலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில் தலோட் கிராமத்துக்கு அருகே, ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள் பியாஸ் நதிப் பாறைகளின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குறைவாக இருந்ததால்தான் அவ்வளவு தூரம் உள்ளே போக முடிந்தது. மேலே, 126 மெகாவாட் லார்ஜி நீர்மின் திட்டத்தின் அணைக் கதவுகள் திறக்கப்பட்டன. சில நிமிடங்களில் 24 மாணவர்களும் உடன் வந்த வழிகாட்டி ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்களில் யாரும் படகில் ஏறவில்லை, நீந்தவும் இறங்கவில்லை. கரையை ஒட்டிய பாறையில் நின்றதே போதுமானதாக இருந்தது. எச்சரிக்கை ஏற்பாடு சரியாக இல்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்தது. ஆனால் சங்கு ஊதினாலும் அது எதற்காக ஊதுகிறது என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல. ஒகேனக்கல்லில் நீர்வரத்து அதிகரித்ததும் "பரிசல் இயக்கத் தடை" என்ற செய்தி வருடந்தோறும் பத்திரிகையில் வருகிறது. கர்நாடக அணைகளிலிருந்து எத்தனை ஆயிரம் கனஅடி வருகிறது என்பதைப் பார்த்து மாவட்ட நிர்வாகம் முடிவெடுக்கிறது. பரிசல்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பரிசல் அன்று கரையில் கவிழ்ந்துதான் கிடக்கும். தானாகத் திட்டம் போட்டு ஆற்றில் இறங்கும் புதியவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் தங்களுக்குத் தாங்களே கலெக்டராக இருக்க வேண்டும்.

திட்டத்தின் முதல் வரி, ஆற்றைத் தேர்ந்தெடுப்பது. ஆறுகளின் வேகத்தையும் சிக்கலையும் வைத்து அவற்றை 1 முதல் 6 வரை வகைப்படுத்தும் சர்வதேச முறை ஒன்று உண்டு. 1 என்றால் சின்னச் சின்ன அலைகளுடன் மெதுவாக ஓடும் தண்ணீர். 6 என்றால் உயிரைப் பணயம் வைத்து நிபுணர்கள் மட்டும் முயல்வது. புதியவர்கள் தாங்களே துடுப்புப் போடுவதானால் 1 போதும். 2 என்று யாராவது சொன்னால் கூடவே தேர்ந்த வழிகாட்டி ஒருவர் தனிப் படகில் வர வேண்டும். இந்த எண் ஆற்றுக்கு நிரந்தரமாக ஒட்டப்பட்ட முத்திரை அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். ஜனவரியில் 1 ஆக இருப்பது ஜூலையில் 4 ஆகிவிடும்.

டெல்லிவாசிகள் உடனே சொல்வது ரிஷிகேஷ். அங்கே கங்கையின் சுழிப்புகளுக்கு 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்', 'ரிட்டர்ன் டு செண்டர்' என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். புண்ணிய நதிக்கு இப்படிப் பெயர் சூட்டியவர்களின் நகைச்சுவை உணர்வு அபாரம்தான். ரப்பர் ராஃப்டில் வழிகாட்டி கட்டளையிட, எட்டுப் பேர் கூச்சலிட்டுக்கொண்டு போவது ஒரு அனுபவம். ஆனால் அது சவாரி. கனூ பயணம் வேறு. கனூவில் உட்கார்ந்தவரேதான் ஓட்டுநர். பனி உருகி வரும் அந்தத் தண்ணீரில் விழுந்தால் முதல் சில நொடிகள் மூச்சே வராது. பாகீரதியில் டெஹ்ரி அணையும் அதற்குக் கீழே கோட்டேஷ்வர் அணையும் மின்தேவைக்கு ஏற்பத் தண்ணீர் விடுவதால், மாலையில் படகை இழுத்துப்போட்ட மணல்மேடு காலையில் நனைந்து கிடக்கலாம். கர்நாடகத்தின் தாண்டேலியில் காளி நதியும் இப்படித்தான். சூபா அணையிலிருந்து தண்ணீர் வந்தால்தான் அங்கே ராஃப்டிங். முதல் பயணத்துக்கு இவை உகந்தவை அல்ல.

உகந்தது எது என்றால், அவசரமில்லாத ஓர் ஆறு. இரு கரையிலும் ஊர்கள் இருக்க வேண்டும், ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை கரையேற வழி வேண்டும், கரையை ஒட்டிச் சாலை வேண்டும். கேரளத்தின் சாலியாறு இந்த மூன்றுக்கும் பொருந்துகிறது. நீலகிரி மாவட்டத்தின் மலைகளில் பிறந்து, நிலம்பூர் தேக்குக் காடுகளைத் தொட்டு, பேப்பூரில் கடலில் கலக்கும் 169 கி.மீ. நீள ஆறு. ஒரு காலத்தில் நிலம்பூர்த் தேக்கு மரங்கள் தெப்பமாகக் கட்டப்பட்டு இந்த ஆற்றின் வழியாகத்தான் கல்லாயி மரச் சந்தைக்கு மிதந்து சென்றன. இப்போது 'சாலியார் ரிவர் பேடில்' என்ற பெயரில் 2015 முதல் நடந்து வரும் பயணத்தில் நிலம்பூரிலிருந்து பேப்பூர் வரை 68 கி.மீ. தூரத்தை மூன்று நாளில் துடுப்புப் போட்டுக் கடக்கிறார்கள், வழியில் மிதக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கிக்கொண்டே. முன்பின் துடுப்பைத் தொடாதவர்களும் அதில் சேர்ந்து கொள்கிறார்கள்.

இந்த 68 கி.மீ. கணக்குதான் புதியவர்களை ஏமாற்றுவது. மூன்றால் வகுத்தால் நாளுக்கு 23 கி.மீ. நடப்பவருக்கே அது நீண்ட தூரம். ஓடாத தண்ணீரில் புதியவர் மணிக்கு 3 அல்லது 4 கி.மீ. போனால் அதிகம். அப்படியானால் தினமும் ஆறேழு மணி நேரம் துடுப்பு. அமைப்பாளர்கள் நடத்தும் பயணத்தில் பாதுகாப்புப் படகு கூடவே வரும், சாப்பாடு காத்திருக்கும், கை ஓய்ந்துபோனவரை ஏற்றிக்கொள்ள ஆள் இருக்கும். தாங்களாகவே போகிற நான்கு பேருக்கு இவை எதுவும் இல்லை. அவர்கள் அந்தத் தூரத்தில் பாதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நாளுக்கு 10 அல்லது 12 கி.மீ., இரண்டே நாள். எடவண்ணாவில் ஏறி அரீக்கோட்டில் இறங்கினால் போதும், முதல் நாளுக்கு அது தாராளம். பேப்பூர் வரை போய்த் தீர வேண்டும் என்ற வைராக்கியம் இருக்கிறதே, அதுதான் மூன்றாம் நாள் பிற்பகலில் ஓய்ந்த கைகளோடு இருட்டில் கொண்டுபோய் விடும். இருட்டு என்ன செய்யும் என்று இதே மலப்புறம் மாவட்டம் அறியும். 2023 மே 7 அன்று தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தது, பொழுது சாய்ந்த பிறகு, அளவுக்கு மீறிய கூட்டத்தோடு சென்ற பயணத்தில்.

சாலியாற்றின் மேல்பகுதியில் பெரிய அணை கிடையாது. அதனால் நிம்மதி என்று எண்ணிவிடக் கூடாது. இங்கே மதகு வானத்தின் கையில் இருக்கிறது. கூடலூர்ப் பக்கமோ வயநாட்டிலோ கொட்டினால் நிலம்பூரில் ஆறு ஏறும். நிலம்பூரில் அப்போது பளீரென்று வெயிலடித்துக்கொண்டிருக்கலாம். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் நிலச்சரிவில் புதைந்தபோது, பலியானவர்களின் உடல்களைப் பல கிலோமீட்டர் கீழே, நிலம்பூர் வட்டாரத்தில் இந்தச் சாலியாற்றிலிருந்துதான் மீட்டார்கள். ஜனவரியில் சிறுவர்கள் குளிக்கும் அதே துறைகள்.

ஆகவே மாதம் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பேச்சே வேண்டாம். அந்த மாதங்களில் சாலியாற்றின் கிளையான இருவழிஞ்சிப்புழையிலும் அதனோடு சேரும் சாலிப்புழையிலும் கயாக் வீரர்களின் போட்டி நடக்கிறது, வெளிநாடுகளிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அதைக் கோடஞ்சேரிக் கரையில் நின்று, கையில் கட்டன் சாயாவோடு பார்த்து ரசிக்கலாம். அக்டோபர், நவம்பரில் தண்ணீர் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பிற்பகலில் இடி மின்னலோடு துலாமழை வரும். பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை மின்னலுக்கு எச்சரிக்கையாக இருக்கும்படி கேரளப் பேரிடர் மேலாண்மைத் துறை சொல்வது சும்மா அல்ல. அகன்ற ஆற்றின் நடுவே உட்கார்ந்திருப்பவர் சுற்று வட்டாரத்திலேயே உயரமான பொருளாகிவிடுகிறார். எல்லாம் அடங்கிய டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் புதியவர்களின் காலம். அதற்கு மேல் கோடையில் தண்ணீர் வற்றி, படகைத் தள்ளிக்கொண்டு நடக்க நேரும்.

அந்த நல்ல காலத்திலும் ஆற்றின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். தெளிந்த தண்ணீர் கலங்கிச் செங்காவியாக மாறினால், செத்தையும் சருகும் வழக்கத்துக்கு மாறாக மிதந்து வந்தால், கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்து அது முழுகுவதைக் கண்டால், விவாதம் வேண்டாம், கரையேறிவிட வேண்டும். உணவுக்கு ஒதுங்கும்போது தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைப்பது பழைய உபாயம். சாப்பிட்டு முடிக்கும்போது குச்சி எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

வானத்தின் மதகைப் பற்றி இவ்வளவு. மனிதர் கட்டிய மதகும் இந்த ஆற்றில் உண்டு. கீழ்ப்பகுதியில், ஊர்க்கடவு அருகே கவணக்கல்லு என்ற இடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே கதவணை நிற்கிறது. கடலின் உப்புத் தண்ணீர் மேலே ஏறாமல் தடுக்கவும், கோழிக்கோட்டுக்குக் குடிநீர் எடுக்கும் பகுதியில் நல்ல தண்ணீரைத் தேக்கவும் கட்டப்பட்டது. மேலே சாலை, கீழே இரும்புக் கதவுகள். கேரளத்தில் இதற்கு 'ரெகுலேட்டர் கம் பிரிட்ஜ்' என்று பெயர். வரைபடத்தில் இது வெறும் பாலமாகத் தெரியும். ஆற்றில் வருபவருக்கு இது அணை. மழை ஓய்ந்து வரத்து குறைந்ததும் கதவுகளை இறக்கிவிடுவார்கள். அதாவது, புதியவர்கள் வரும் அதே மாதங்களில்.

இதனால் இரண்டு விளைவுகள். கதவு மூடியிருந்தால் அதற்கு மேலே பல கிலோமீட்டருக்கு ஆறு குளம்போல் நின்றுவிடும். தண்ணீர் இழுத்துச் செல்லும் என்ற நம்பிக்கையில் போட்ட மணிக் கணக்கு பொய்த்துப்போகும். ஒன்றிரண்டு கதவுகள் மட்டும் திறந்திருந்தால் இன்னும் மோசம். அகன்ற ஆற்றின் தண்ணீர் எல்லாம் அந்தச் சந்தை நோக்கி ஓசையில்லாமல் இழுக்கும். நூறு மீட்டர் தள்ளி இருப்பவருக்கு அது தெரியாது. முப்பது மீட்டரில் தெரியவரும்போது துடுப்பால் எதிர்க்க முடியாது. கதவணையோ, கிராமத்துத் தடுப்பணையோ, எதுவானாலும் வெகு முன்பே கரையேறி, படகைத் தூக்கிக்கொண்டு நடந்து, வெகு கீழே மறுபடி இறக்க வேண்டும். இதற்கு விதிவிலக்கு கிடையாது.

தடுப்பணை பற்றி இன்னும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நாடு முழுவதும் சிற்றாறுகளில் இவை பெருகியிருக்கின்றன. ஆள் உயரம்கூட இல்லாத சுவர், மேலே வழுவழுவென்று வழியும் தண்ணீர். மேலிருந்து வருபவர் கண்ணுக்கு ஆற்றின் குறுக்கே ஒரு கோடுதான் தெரியும். விழும் தண்ணீர் சுவரின் அடியில் உருண்டு திரும்பிச் சுவரை நோக்கியே வருகிறது. அதில் சிக்கிய கட்டையைப் பார்த்திருப்பவர்களுக்குப் புரியும்: முழுகும், எழும்பும், மறுபடி முழுகும், வெளியேறவே ஏறாது. ஆளுக்கும் அதே கதிதான். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும். அமெரிக்காவின் மீட்புப் படையினர் இதை 'மூழ்கடிக்கும் இயந்திரம்' என்று குறிப்பிடுவது மிகையல்ல.

இவற்றையெல்லாம் தண்ணீரிலிருந்து கண்டுபிடிக்க முயல்வது முட்டாள்தனம். புறப்படுவதற்கு முந்தைய நாள் ஒரு ஜீப்போ இரண்டு பைக்குகளோ எடுத்துக்கொண்டு திட்டமிட்ட வழி முழுவதையும் சாலையில் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாலத்திலும் இறங்கி எட்டிப் பார்க்க வேண்டும். கதவு இருக்கிறதா, திறந்திருக்கிறதா, எந்தப் பக்கம் கரையேற வசதி, எங்கே மரம் சாய்ந்து கிடக்கிறது. நீர்ப்பாசனத் துறை அலுவலகத்தில் கேட்டால் கதவுகளின் நிலையைச் சொல்வார்கள். படகுத் துறைக்காரரும் மீன்பிடிப்பவரும் அதைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள். எந்த வளைவில் மணல் அள்ளிய குழி இருக்கிறது என்பது எந்த வரைபடத்திலும் இல்லாத தகவல். முழங்கால் தண்ணீர் என்று இறங்கி நடப்பவர் அடுத்த அடியில் காணாமல் போவது அந்தக் குழிகளில்தான். சேட்டா ஒருவருக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்து அரைமணி பேசினால், ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய கருவி சொல்லாததெல்லாம் கிடைக்கும்.

சாய்ந்த மரம் தனி அபாயம். கிளைகளின் ஊடே தண்ணீர் போய்விடும், ஆள் போக முடியாது. வடிகட்டியில் சிக்கிய இலைபோல ஒட்டிக்கொள்வார். மரத்தைக் கண்டால் எதிர்க்கரைக்குப் போவதே வழி. பாறையில் படகு குறுக்காக மோதினால் பயத்தில் எல்லோரும் பாறைக்கு எதிர்ப்பக்கம் சாய்வார்கள். உடனே தண்ணீர் படகுக்குள் புகுந்து கவிழ்த்துவிடும். பாறையைக் கட்டிப்பிடிப்பதுபோல் அதன் பக்கமாகச் சாய்ந்தால் படகு நிற்கும். உடம்பு சொல்வதற்கு நேர்மாறானது என்பதால் இதை முன்கூட்டியே பழகிவைக்க வேண்டும்.

பழக்கம் என்றதும் லைஃப் ஜாக்கெட். வாடகைக் கடைகளில் தொங்குபவை பெரும்பாலும் வெயிலில் வெளிறி, உள்ளே இருக்கும் நுரைப் பஞ்சு நசுங்கி, கொக்கிகளில் ஒன்று உடைந்து கிடக்கும். "எல்லாம் ஒரே சைஸ்தான் சார்" என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடை பார்ப்பது நல்லது. எடைக்கு ஏற்ற ஜாக்கெட் வேண்டும். எல்லாக் கொக்கிகளையும் மாட்டி வாரை இறுக்கிய பின், இன்னொருவர் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். காது வரை ஏறினால் அது ஆற்றில் தலைக்கு மேலே மிதக்கும், ஆள் கீழே போவார். 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். பெரும்பாலோருக்கு ஜாக்கெட் இல்லை. அது அலையில்லாத ஏரி.

நீந்தத் தெரியாதவர் வரலாமா? அமைதியான நீரில், சரியான ஜாக்கெட்டோடு, நீந்தத் தெரிந்தவருடன் இரட்டைப் படகில் வரலாம். ஒரு நிபந்தனை: முதல் நாள் காலையில், கரையோரம், இடுப்பளவுத் தண்ணீரில் எல்லோரும் படகை வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் தாங்குகிறது என்பதை உடம்பு அறிந்துகொண்டால் பாதிப் பீதி போய்விடும். ஓடும் தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, காலை ஆறு போகும் திசையில் நீட்டி, விரல்கள் நீருக்கு மேலே தெரியும்படி மிதக்க வேண்டும். முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால் ஆறு ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். நன்றாக நீந்துபவர்களும் இப்படித்தான் சிக்குகிறார்கள். படகோடு உடம்பைக் கயிற்றால் கட்டிக்கொள்வது பாதுகாப்பு என்று சிலர் எண்ணுகிறார்கள். அதைவிட அபாயம் வேறில்லை. காமிரா, செருப்பு, தொப்பி போனால் போகட்டும்; அவற்றைத் துரத்திப் போகக் கூடாது.

படகைப் பொறுத்தவரை அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. கனூ என்பது ஒற்றை இலைத் துடுப்பால் செலுத்தும் திறந்த படகு. சாமான் ஏற்ற வசதி. கயாக்குக்கு இருபக்கமும் இலை உள்ள துடுப்பு. நம் ஊர்களில் வாடகைக்கு எளிதாகக் கிடைப்பது மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக்தான். கவிழ்ந்தால் கால் சிக்காது, தண்ணீர் நிறையாது. முதல் பயணத்துக்கு அது ஏற்றது. ஒருவர் தனியாக ஒரே படகில் போவதும், இரண்டே படகுகளில் போவதும் சரியல்ல. மூன்று படகுகளாவது இருந்தால் ஒன்றுக்கு ஆபத்து வரும்போது ஒன்று உதவ, இன்னொன்று தகவல் சொல்லப் போகலாம். முன்னால் போகும் படகை யாரும் தாண்டக் கூடாது. கடைசிப் படகுக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. நான்கு பேரில் ஒருவருக்கு "இன்று வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரத்தைப் புறப்படும் முன்பே கொடுத்துவிட வேண்டும். லீவு போட்டாயிற்று, முன்பணம் கட்டியாயிற்று, இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்ற வாதங்கள் எல்லாம் அவரிடம் எடுபடக் கூடாது. பாட்டில் கொண்டுவருகிறவரை இரவுத் தங்கலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லலாம். கேட்காவிட்டால் கரையிலேயே விட்டுவிடலாம்.

உடலுக்கு வருவோம். கேரளத்தில் எலிக்காய்ச்சல் சாதாரண நோயல்ல. காலில் கையில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீர் படாமல் மூட வேண்டும். தடுப்பு மாத்திரை தேவையா என்று புறப்படும் முன் டாக்டரைக் கேட்பது நல்லது. ஊருக்குத் திரும்பிய பின் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், ஆற்றில் இறங்கிய விஷயத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். குடிதண்ணீரைக் கொண்டுபோக வேண்டும், ஆற்றில் மொள்ளக் கூடாது. கதவணைக்கு மேலே தேங்கிய நீரில் கோடையில் பாசி படர்வதும் உண்டு.

கவணக்கல்லுக்குக் கீழே ஆற்றின் எஜமானன் மறுபடி மாறுகிறான். இனி கடல்தான் மதகு. ஏற்றத்தில் தண்ணீர் மேல்நோக்கி வரும், இறக்கத்தில் கடலை நோக்கி ஓடும். ஏறக்குறைய ஆறு மணிக்கு ஒருமுறை மாறும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 7 மணிக்கு இறக்கம் தொடங்கினால் நாளை 8 மணிக்குச் சற்று முன்பு. இறக்கத்தோடு போனால் துடுப்பு லேசாகத் தோன்றும். ஏற்றத்தில் போனால் கரையோரத் தென்னை ஒன்றே அரைமணி நேரமாகப் பக்கத்திலேயே நிற்கும். போதாக்குறைக்குப் பகல் ஏற ஏறக் கடற்காற்று மேற்கிலிருந்து முகத்தில் அடிக்கும். விடியற்காலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் முடிப்பது இந்தப் பகுதியில் சோம்பேறிகளுக்கும் லாபம்.

புறப்படும் முன் எழுதவேண்டிய காகிதம் ஒன்று பாக்கி. எத்தனை பேர், படகுகளின் நிறம், எங்கே ஏறுகிறார்கள், எங்கே எத்தனை மணிக்கு இறங்குவார்கள், நடுவே அவசரத்துக்குக் கரையேறும் இடங்கள் எவை. இதை ஊரில் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்து, மாலை 5 மணிக்குள் போன் வராவிட்டால் 112-ஐ அழைக்கும்படி சொல்லிவிட வேண்டும். போன் தண்ணீர் புகாத உறையில், ஜாக்கெட்டின் பையில் இருக்கட்டும். படகில் கட்டிய மூட்டையில் இருந்தால் படகோடு போய்விடும். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பதில் நஷ்டமில்லை. அதிகபட்சம், தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த வெயிலில் வேறு வேலை இல்லையா என்று கேட்பார்கள்.

பேப்பூரில் உருக்கள் கட்டும் துறைகளைப் படகிலிருந்தே பார்க்கும் ஆசை இயல்பானது. ஆனால் மீன்பிடி விசைப்படகுகள் போய்வரும் முகத்துவாரத்தில், கடலலை ஆற்றை எதிர்கொள்ளும் இடத்தில், புதியவரின் கயாக்குக்கு வேலையில்லை. அதற்கு முன்பே ஃபெரோக் பகுதியில் கரையேறிவிடலாம். ரயில் நிலையம் அருகிலேயே இருக்கிறது. படகுகளை வாடகைக்காரரின் வண்டியில் ஏற்றிவிட்டு, ஈர உடையை மாற்றும் முன், காகிதத்தை வைத்துக்கொண்டு ஊரில் காத்திருப்பவருக்குப் போன் போட வேண்டும். பேப்பூருக்கு ஆட்டோவில் போகலாம்.